மூன்று அடகுச் சீட்டுகள்

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலத் துணைப்பாடமாக சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலின் சுருக்கம் வைத்திருந்தார்கள். எழுபது எண்பது பக்கம் இருக்கும். அட்டையில், கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு நோஞ்சான் பையன். 'இன்னும் கொஞ்சம் கஞ்சி' என்று அவன் கேட்கிற இடத்தை டீச்சர் நடித்தே காட்டினார். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குச் சத்துணவு வரிசையில் எல்லாப் பயல்களும் தட்டை நீட்டி, "ப்ளீஸ் சார், ஐ வாண்ட் சம் மோர்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஆயாம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கரண்டியை ஓங்கியதில் மட்டும் அவர் குறை வைக்கவில்லை.

எனக்கு அந்தப் புத்தகத்தில் நின்றுபோனது வேறோர் இடம். ஒரு கிழவி சாகக் கிடக்கிறாள். உயிர் போனபின் அவள் கைக்குள் ஒரு காகிதத் துண்டு இருக்கிறது. கந்தலாகிப்போன அடகுச் சீட்டு. சுருக்கப் பதிப்பில் இரண்டே வரி. 'பான்புரோக்கர்' என்ற சொல்லுக்கு ஓரத்தில் அர்த்தம் எழுதிக்கொள்ளச் சொன்னார் டீச்சர். எனக்குத் தேவைப்படவில்லை. தெருமுனைச் சேட்டுக் கடையின் பலகையில் தினமும் படிக்கிற சொல்தான் அது.

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. அதில் ரேஷன் கார்டும் இந்த மாதிரிச் சீட்டுகளும் இருக்கும். அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டர். காலண்டர் சீசனிலும் கல்யாண சீசனிலும் ராத்திரி பன்னிரண்டு மணிவரை எழுத்துக் கோப்பார். மற்ற மாதங்களில் சம்பளம் பாதியாகிவிடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அம்மாவின் தோடு போகும், தீபாவளி போனஸில் திரும்பும். நடுவில் காதுத் துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகிக்கொள்வாள். யாரும் பார்த்துவிடாமல் முந்தானையால் காதை மறைத்தாள் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அவள் அப்படியெல்லாம் செய்யவில்லை. எங்கள் தெருவில் ஜூன் ஜூலையில் பாதிப் பெண்கள் காதில் ஈர்க்குச்சிதான்.

முழு நாவலை நான் படித்தது முப்பது வயதுக்கு மேல். அந்தக் கிழவிக்கு என்னதான் ஆயிற்று என்று பார்ப்பதற்காகவே எடுத்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அதுதான் நடந்தது.

கிழவியின் பெயர் சாலி. வொர்க்ஹவுஸில், அதாவது ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதியில், ஆலிவரைப் பெற்றுப்போட்டுவிட்டு அவன் தாய் செத்தபோது பக்கத்தில் இருந்தவள். பிணத்தின் கழுத்திலிருந்த தங்கத்தைத் திருடி அடகு வைத்துவிட்டாள். அதில் ஒரு லாக்கெட், உள்ளே இரண்டு முடிக் கற்றைகள், 'ஆக்னஸ்' என்று பொறித்த ஒரு கல்யாண மோதிரம். ஆலிவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதற்கான தடயமே அதுதான். அதை விற்றுத் தின்றிருக்கலாம். விற்கவில்லை. அரை வயிற்றுக் கஞ்சிக்கு வாழ்ந்த அந்தக் கிழவி, எங்கிருந்தோ காசைச் சுரண்டிச் சேர்த்து, வருஷா வருஷம் வட்டி கட்டி, நகை மூழ்கிப்போகாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்றைக்காவது ஒரு நாள் அதனால் ஏதாவது நடக்கும் என்று. ஆலிவருக்கு ஒன்பது பத்து வயதாகும்வரை ஒன்றும் நடக்கவில்லை. அவள் சாகும்போது கெடு முடிய இன்னும் இரண்டு நாள் பாக்கி.

இதை நாவலில் நமக்குச் சொல்வது அந்தச் சீட்டைக் கிழவியின் கையிலிருந்து எடுத்துப்போய் நகையை மீட்ட வொர்க்ஹவுஸ் மேட்ரன். அவள் அதை 25 பவுண்டுக்கு விற்கிறாள். வாங்கிய வில்லன் ஆற்றில் எறிகிறான். இருட்டு, இடி மின்னல், தரையில் ஒரு கள்ளக் கதவு, கீழே சுழித்து ஓடும் தண்ணீர் என்று அந்தக் காட்சி முழுக்க நாடகக் கொட்டகைச் சாமான். அதற்குள் 'வருஷா வருஷம் வட்டி கட்டினாள்' என்ற ஒரு வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது. டிக்கன்ஸ் அதற்கு மேல் அதைத் தொடவே இல்லை. எனக்கு அந்த நாவலில் ஆக உண்மையான வரி அதுதான்.

கஞ்சிக் காட்சி உண்மையில்லையா என்று கேட்கலாம். உண்மைதான், வேறு மாதிரி உண்மை. 1834இல் இங்கிலாந்தில் புதிய ஏழைகள் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து வீட்டில் இருந்தபடியே ரொட்டியோ காசோ வாங்க முடியும். புதுச் சட்டத்தின் நோக்கம், உடம்பில் தெம்புள்ளவனுக்கு உதவி வேண்டுமென்றால் வொர்க்ஹவுஸுக்குள் வந்தாகவேண்டும் என்பது. உள்ளே புருஷன் ஒரு பகுதி, பெண்டாட்டி ஒரு பகுதி, பிள்ளைகள் வேறு பகுதி. வெளியே இருக்கும் ஆகக் கடைசிக் கூலிக்காரனின் நிலைமையைவிட உள்ளே இருப்பவனின் நிலைமை மோசமாக இருக்கவேண்டும், அப்போதுதான் யாரும் சும்மா உள்ளே வரமாட்டார்கள் என்பதை ஒரு கொள்கையாகவே எழுதி வைத்துக்கொண்டார்கள். வெளியே இருப்பவனே செத்துக்கொண்டிருக்கும்போது அதைவிட மோசம் என்றால் என்ன? இந்தக் கேள்வியைத்தான் 25 வயது டிக்கன்ஸ் 1837 பிப்ரவரியில் தொடர்கதையாக எழுத ஆரம்பித்தார். நாளைக்கு மூன்று வேளை நீர்க் கஞ்சி, வாரத்தில் இரண்டு நாள் ஒரு வெங்காயம், ஞாயிற்றுக்கிழமை அரை ரொட்டி. அரசாங்கம் வெளியிட்ட உணவுப் பட்டியல்களில் இதைவிடக் கூடுதலாகவே இருந்தது, டிக்கன்ஸ் மிகைப்படுத்தினார் என்பது அன்றும் இன்றும் உள்ள புகார். பட்டியலில் இருந்தது, சரி. 1845இல் ஆண்டோவர் என்ற ஊரின் வொர்க்ஹவுஸில், உரத்துக்காக எலும்பை இடிக்கும் வேலை செய்தவர்கள் பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததைக் கடித்துத் தின்றது வெளியே வந்து நாடே நாறியது. மிகைப்படுத்தியது யார் என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

டிக்கன்ஸோடு என் சண்டை அங்கே இல்லை. சாலி சாகும்போது சொல்கிற இன்னொரு பேச்சில் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்திருந்தால் அந்தப் பையனை இன்னும் நன்றாக நடத்தியிருப்பார்களே என்கிறாள். அதாவது, நல்ல இடத்துப் பிள்ளை என்று தெரிந்திருந்தால். கிழவி சொல்வது அந்த உலகத்தைப் பற்றிய கசப்பான நிஜம். ஆனால் நாவலும் கடைசியில் அதையே ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஆலிவர் வொர்க்ஹவுஸில் பிறந்து, திருடர்களிடம் சிக்கி, எப்படியோ பிரபு வீட்டு ஆங்கிலம் பேசுகிறான். கடைசியில் சொத்தும் சொந்தமும் வந்து சேருகின்றன. அவனோடு அதே வரிசையில் கிண்ணத்தை நக்கிய மற்ற பையன்களுக்கு லாக்கெட் இல்லை. எனவே கதையும் இல்லை. அடகுச் சீட்டு என்பது பசியின் ரசீது. டிக்கன்ஸ் அதை வம்சாவளிச் சான்றிதழாக மாற்றிவிட்டார்.

இத்தனைக்கும் அவருக்கு அடகுக் கடை தெரியாத இடமில்லை. 1824இல் அவருடைய அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுப் பையன் தேம்ஸ் கரையில் எலி ஓடும் ஒரு கட்டடத்தில், பூட்ஸ் பாலிஷ் டப்பாக்களுக்குக் காகிதம் மூடி, நூல் கட்டி, லேபிள் ஒட்டினான். வாரக் கூலி ஆறோ ஏழோ ஷில்லிங். வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகப் போனபோது தூக்கிக்கொண்டு போனவனும் அவன்தான். அடகுக் கடையின் தலைமைக் குமாஸ்தா சீட்டு எழுதும்போது பொழுதுபோக்காக அவனை லத்தீன் வேற்றுமை உருபுகளை ஒப்பிக்கச் சொல்வாராம். எனக்கு அந்தக் காட்சி கஞ்சிக் காட்சியைவிட வலிக்கிறது. இதையெல்லாம் அவர் நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் சொன்னார். உலகத்துக்குத் தெரிந்தது 1870இல் அவர் இறந்தபிறகு, ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான். பாலிஷ் கம்பெனியில் நூல் கட்டச் சொல்லிக்கொடுத்த பெரிய பையன் பெயர் பாப் ஃபாகின். அந்தப் பெயரைத்தான் திருடர் தலைவனுக்கு வைத்தார். உதவி செய்தவனுக்கு இப்படி ஒரு கைம்மாறு! அந்த இடத்தில் தன்னைப் பார்த்துவிட்டவர்கள் மேலேயே ஒருவனுக்கு வருகிற கோபம் அது என்று நினைக்கிறேன்.

அன்றைய ஆங்கிலேய ஏழைகள் அடகுக் கடைக்காரரை 'மாமா' என்றார்கள். கோட் எங்கே என்றால், 'மாமா வீட்டில் இருக்கிறது'. திங்கட்கிழமை காலை ஞாயிற்றுக்கிழமை உடுப்பு மாமா வீட்டுக்குப் போகும், சனிக்கிழமை கூலி வந்ததும் திரும்பும், ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு சர்ச், மறுபடி திங்கள். நகையில்லாத ஜனம். போர்வை, இஸ்திரிப் பெட்டி, பூட்ஸ் எல்லாமே அடகுப் பொருள்தான். கடைக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு இருக்கும், உள்ளே ஆள் நிற்குமளவு சிறு அறைகள், பக்கத்து அறையில் நிற்பவருக்கு நம் முகம் தெரியாது. டிக்கன்ஸ் 'பாஸ்' என்ற பெயரில் 1830களில் எழுதிய சித்திரங்களில் இதை அப்படியே படம் பிடித்திருக்கிறார். எங்கள் சேட்டுக் கடையில் அந்த வசதி கிடையாது. பெஞ்சில் வரிசையாக உட்காரவேண்டும்.

இரண்டாவது சீட்டுக்கு வருகிறேன். இது மான்செஸ்டரில்.

எலிசபெத் கேஸ்கல், யூனிடேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு பாதிரியாரின் மனைவி. 1845இல் அவருடைய ஆண் குழந்தை, ஒரு வயதுகூட நிறையாதது, 'ஸ்கார்லெட்' காய்ச்சலில் இறந்தது. துக்கத்திலிருந்து வெளியே வர எதையாவது எழுதேன் என்று கணவர் சொன்னார். 1848இல் பெயர் போடாமல் வெளிவந்தது 'மேரி பார்ட்டன்'. அவர் முதலில் யோசித்த பெயர் 'ஜான் பார்ட்டன்'. மேரி கதாநாயகி, ஜான் அவள் அப்பா, ஆலைத் தொழிலாளி, தொழிலாளர்களுக்கு ஓட்டுரிமை கேட்ட சாசன இயக்கக்காரர். கதை மகள் பெயரில் வந்தாலும் புத்தகம் அப்பாவுடையதுதான்.

ஜானுடைய ஒரே மகனும் 'ஸ்கார்லெட்' காய்ச்சலில்தான் சாகிறான். வேலையில்லாத நேரம். பையனுக்குச் சத்தான ஆகாரம் கொடுத்தால் பிழைப்பான் என்கிறார் டாக்டர். ஜான் பசியோடு ஒரு பெரிய கடையின் கண்ணாடி ஜன்னல் முன்னால் நிற்கிறார். மான் இறைச்சி, சீஸ், ஜெல்லி எல்லாம் அடுக்கியிருக்கிறது. உள்ளேயிருந்து அவருடைய பழைய முதலாளியின் மனைவி விருந்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வந்து வண்டியில் ஏறிப் போகிறாள். ஜான் வீட்டுக்குத் திரும்பினால் பையன் செத்துக் கிடக்கிறான். தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பாதிரியார் வீட்டு அம்மாள், அந்தத் துக்கத்தை எடுத்து முதலாளிகளை வெறுக்கிற ஒரு தொழிலாளியின் மடியில் வைத்தார். விக்டோரிய நாவலில் இதைவிடத் துணிச்சலான செயல் ஒன்றை நான் படித்ததில்லை.

அப்புறம் ஆறாவது அத்தியாயம். டேவன்போர்ட் என்ற தொழிலாளி ஒரு நிலவறையில் காய்ச்சலில் கிடக்கிறான். ஆலை எரிந்துபோயிற்று. முதலாளிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, அவசரமில்லை. ஜானும் நண்பர் வில்சனும் போய்ப் பார்க்கிறார்கள். உடைந்த ஜன்னலில் கந்தல் அடைத்திருக்கிறது. நாற்றம் ஆளைத் தள்ளுகிறது. செங்கல் தரையில் தெருச் சாக்கடை ஊறிக்கொண்டிருக்க, அந்த ஈரத்தில் மூன்று நான்கு குழந்தைகள் புரள்கின்றன. அடுப்பு கறுத்துக் கிடக்கிறது. கொண்டுபோன சாப்பாடு நிமிஷத்தில் போய்விடுகிறது. ஜான் திரும்ப வீட்டுக்கு நடந்து, தன்னிடமிருந்த நல்ல கோட்டையும், சிவப்பும் மஞ்சளுமான பட்டுக் கைக்குட்டையையும் எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிறார். அவருடைய நகை, வெள்ளிப் பாத்திரம், சொத்து எல்லாம் அவைதான் என்கிறார் கேஸ்கல். ஐந்து ஷில்லிங் கிடைக்கிறது.

அந்த ஐந்து ஷில்லிங்கைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இறைச்சி, ஒரு ரொட்டி, மெழுகுவர்த்தி, அடுப்புப் பற்றவைக்கச் சிராய், நிலக்கரி. மிச்சமும் கொஞ்சம் இருக்கிறது. அதுவும் அந்த வீட்டுக்குத்தான், எப்படிச் செலவழிப்பது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. மெழுகுவர்த்தி அவர் ஞாபகத்துக்கு வந்தது பாருங்கள்! வசதியானவர் ஏழை வீட்டுக்கு உதவி கொண்டுபோனால் ரொட்டி கொண்டுபோவார். அந்த இருட்டில் நின்றவனுக்குத்தான் வெளிச்சமும் வாங்கவேண்டும் என்று தோன்றும். சிராய் இல்லாமல் கரி பற்றாது என்று தெரியும்.

மறுநாள் வில்சன், டேவன்போர்ட்டை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சீட்டு கேட்டு முதலாளி கார்சன் வீட்டுக்குப் போகிறார். சமையலறையில் காப்பி மணம். பசியோடு நிற்கிறவருக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று வேலைக்காரர்களுக்குத் தோன்றவில்லை. கெட்டவர்கள் என்பதால் அல்ல, தோன்றவில்லை, அவ்வளவுதான். கார்சனுக்கு டேவன்போர்ட் என்ற பெயரே தெரியவில்லை. உள்நோயாளிச் சீட்டு கையில் இல்லை என்று வெளிநோயாளிச் சீட்டு ஒன்றைக் கொடுக்கிறார். சின்ன முதலாளி சட்டைப் பையிலிருந்து ஐந்து ஷில்லிங் எடுத்துத் தருகிறான். அதே ஐந்து ஷில்லிங். கேஸ்கல் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. டேவன்போர்ட் வெளிநோயாளியாகப் போகும் முன்பே செத்துப்போகிறான்.

பின்னால் ஜானுக்கும் வேலை போகிறது. மேரி வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக வெளியே அனுப்புகிறாள். முதல் அத்தியாயங்களில் பச்சை மினுக்கில் இரண்டு சிவப்புக் காதலர்கள் கட்டிப்பிடித்திருக்கும் ஒரு டீத்தட்டு சுவரோரம் சாய்ந்திருக்கும். அந்த வீட்டின் பெருமையே அதுதான். அது போகிறது. அடுத்துப் போர்வைகள். கோடைக்காலம், போர்வை இல்லாமல் சமாளிக்கலாம் என்று அனுப்புகிறாள். அந்தக் கோடைக்காலத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டும்.

புத்தகம் வந்ததும் முதலாளிகள் தரப்புக்குக் கோபம். 1849இல் 'எடின்பரோ ரெவ்யூ'வில் டபிள்யூ.ஆர். கிரெக், அவரும் ஆலை நடத்தியவர், நீளமாக எழுதினார். அவர் வாதத்தின் சாரம்: நல்ல கூலி வந்த காலத்தில் தொழிலாளி சேர்த்து வைத்திருக்கக் கூடாதா? நம் ஊரிலும் இதே கேள்வியை நிறையக் கேட்டிருக்கிறேன். கிரெக் அந்த டீத்தட்டைக் கவனிக்கவில்லை. சேமிப்பு சுவரோரம்தான் சாய்ந்திருந்தது.

கேஸ்கலும் தடுமாறுகிறார், மறைப்பானேன். எனக்குப் பொருளாதாரம் ஒன்றும் தெரியாது என்று முன்னுரையிலேயே கைகூப்பிவிடுகிறார். அடகு வைத்த காசோடு மருந்துக் கடைக்கு நடக்கும் ஜான், வெளிச்சமான கடைத்தெருவில் சந்தோஷமாகப் போகிறவர்களைக் கண்டு மனம் கசக்கிறார். உடனே ஆசிரியர் குறுக்கே வந்து, அவர்களுக்கும் துக்கம் இருக்காதா, இப்படி வெறுப்பது பாவமில்லையா என்கிறார். எழுதிய கை ஒரு பக்கம், உபதேசம் செய்த கை இன்னொரு பக்கம். அப்புறம் கொலை, கோர்ட், கடைசி நிமிஷ சாட்சி, எல்லோரும் கனடாவுக்குக் கப்பல். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். வேலைநிறுத்தப் பேச்சுவார்த்தையில் கந்தலுடுத்த தொழிலாளர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து சிரிக்கிறான் சின்ன முதலாளி. அந்தக் காகிதத்தைத்தான் அவர்கள் துண்டு துண்டாகக் கிழித்து, ஒன்றில் குறி போட்டு, அவனைக் கொல்வது யார் என்று சீட்டுக் குலுக்குகிறார்கள். ஆலிவரும் சீட்டு விழுந்துதான் கஞ்சி கேட்கப் போனான். பசித்தவர்கள் கூடி முடிவெடுத்தால் இந்த எழுத்தாளர்களுக்குச் சீட்டுதான் ஞாபகம் வரும் போல.

மொழி விஷயத்திலும் கேஸ்கல் கெட்டிக்காரர். லங்காஷயர்த் தொழிலாளிக்குப் பட்டினி என்றால் 'கிளெம்'. அந்தப் பேச்சை அப்படியே எழுதினார். பாதிரியார் கணவர் அடிக்குறிப்பு போட்டு, இது கொச்சை இல்லை, கவிஞர் சாசர் காலத்துப் பழைய ஆங்கிலம் என்று மேற்கோளோடு நிரூபித்தார். ஏழையின் பேச்சுக்கு வக்காலத்து! ஆலிவரின் பிரபு ஆங்கிலத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

இந்தப் புத்தகங்களை யார் படித்தார்கள் என்பதும் ஒரு கதை. அன்று வழக்கமான மூன்று பாக நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். ஜானுக்குக் கோட்டும் கைக்குட்டையும் சேர்ந்து ஐந்து ஷில்லிங்தான் வந்தது. இந்த நாவல்கள் எழுதப்பட்டது கார்சன் வீட்டு வரவேற்பறைக்கு. அதனால்தான் இவற்றில் எப்போதும் ஒரு விளக்கக் குரல். 'வாசகரே, இவர்களும் மனிதர்களே' என்கிற தொனி.

மூன்றாவது சீட்டு நாவலில் இல்லை. டைரியில்.

ஜார்ஜ் கிஸ்ஸிங் 1857இல் பிறந்தவர். மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியின் மிகச் சிறந்த மாணவன். நெல் என்ற பெண்ணைக் காதலித்து, அவளைத் தெருவிலிருந்து மீட்கிறேன் என்று சக மாணவர்களின் பணத்தைத் திருடி, 1876இல் பிடிபட்டு ஒரு மாதக் கடுங்காவல். படிப்பு போயிற்று. கடைசியில் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். அவள் குடியிலிருந்து மீளவில்லை. பிரிந்தார்கள். அவர் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். 1888 பிப்ரவரி 29 அன்று லண்டன் லாம்பெத்தில் ஓர் அறையில் அவள் இறந்தாள்.

மறுநாள் போய்ப் பார்த்ததை டைரியில் எழுதியிருக்கிறார். கதவில் ஒரு பழைய உடுப்பும் நைந்த மேல்கோட்டும் தொங்குகின்றன. கட்டிலடியில் பூட்ஸ். மாற்றுத் துணி இல்லை. மேசை இழுப்பறையில் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டும் கொஞ்சம் வெண்ணெயும். குடியை விட்டுவிடுவதாகக் கையெழுத்துப் போட்ட சபத அட்டைகள். அப்புறம் அடகுச் சீட்டுகள். தேதியைப் பார்த்தால், துணிகளையெல்லாம் போன கோடையில் வைத்திருக்கிறாள். அப்போது வெயில் காலம், பாவம், என்று எழுதுகிறார் கிஸ்ஸிங்.

நாற்பது வருஷம் முன்னால் கேஸ்கல் கற்பனையாக எழுதிய அதே கணக்கு. கோடையில் அனுப்புவது, குளிருக்கு முன் நிலைமை சரியாகிவிடும் என்று. மேரி பார்ட்டனுக்குக் கனடா கிடைத்தது. நெல்லுக்குக் குளிர்காலம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அடகுக்கும் சபதத்துக்கும் 'பிளெட்ஜ்' என்று ஒரே சொல். அந்த இழுப்பறையில் இரண்டும் இருந்தன, இரண்டும் மீட்கப்படவில்லை.

இப்படி ஒரு நிலைமையை உண்டாக்கும் சமூக அமைப்புக்கு எதிராக இனி ஓயாமல் சாட்சி சொல்வேன் என்று அந்த டைரியில் சபதம் எடுத்த கிஸ்ஸிங், அதே மாதம் எழுத உட்கார்ந்தார். 1889இல் வெளிவந்தது 'தி நெதர் வேர்ல்ட்'. லண்டன் கிளார்க்கன்வெல் பகுதியின் சிறு தொழிலாளிகள்தான் அந்தப் 'பாதாள உலகம்'. லாக்கெட் கிடையாது, கனடா கிடையாது. ஏழைகளுக்கென்று ஒரு கிழவர் ஒதுக்கிவைத்த பணம்கூட எல்லோரையும் நாசமாக்கிவிட்டுத்தான் ஓய்கிறது. உத்தமமான நாவல், ஆனால் எனக்கு அதில் மூச்சு முட்டுகிறது. விடுமுறை நாளில் கிரிஸ்டல் பேலஸுக்குப் போகும் கூட்டத்தை வர்ணிக்கும் அத்தியாயத்தில், அவர்களின் சிரிப்பு, பாட்டு, தீனி எல்லாவற்றின் மேலும் அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு. வருஷத்தில் ஒரு நாள் சுற்றுலா போகிறவன் சத்தமாகத்தான் பாடுவான் ஐயா! டிக்கன்ஸுக்கு ஏழைகளோடு சேர்ந்து சிரிக்கத் தெரியும். கிஸ்ஸிங் பக்கத்து அறையில் குடியிருந்துகொண்டு காதைப் பொத்திக்கொள்கிறார்.

அதே 1888 ஏப்ரலில், அதே லண்டனில், முதியவர் எங்கெல்ஸ் ஒரு பெண் எழுத்தாளருக்குக் கடிதம் எழுதுகிறார். மார்கரெட் ஹார்க்னெஸ் தன் 'எ சிட்டி கேர்ள்' நாவலை அனுப்பியிருந்தார். நம் முற்போக்கு விமர்சகர்கள் பல காலம் மேற்கோள் காட்டிய கடிதம்தான்: வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான பாத்திரங்கள் என்பது அதிலிருந்து வந்தது. உங்கள் நாவலில் உழைக்கும் வர்க்கம் தனக்குத்தானே உதவிக்கொள்ள முடியாத, உதவிக்கொள்ள முயலக்கூடச் செய்யாத சும்மா கிடக்கும் கூட்டமாக இருக்கிறது என்பது அவர் புகார். நியாயமான புகார். ஆனால் முயற்சி என்றால் அவர் மனதில் இருந்தது வேலைநிறுத்தமும் சங்கமும். பத்து வருஷம் வட்டி கட்டின சாலியை என்ன வகையில் சேர்ப்பது? அது சும்மா கிடப்பதா? இந்த நாவலாசிரியர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பார்த்ததை ஒரு வரியில் எழுதவும் எழுதினார்கள். அவளை வைத்து என்ன கதை சொல்வது என்றுதான் தெரியவில்லை. எதுவும் போய்விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே ஒரு வாழ்க்கையாக இருந்தால் அதில் திருப்பம் எங்கே இருக்கும்?

டிக்கன்ஸ் கடைசிக் காலத்தில் கிட்ட வந்தார். 1864-65இல் எழுதிய 'அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்' நாவலில் பெட்டி ஹிக்டன் என்று ஒரு கிழவி. வொர்க்ஹவுஸில் சாகக்கூடாது, அநாதைப் பிணமாகப் போகக்கூடாது என்று ஊர் ஊராக ஓடுகிறாள். அடக்கச் செலவுக்கான காசை உடுப்பின் மார்புப் பக்கம் வைத்துத் தைத்திருக்கிறாள். செத்து விழும்போதும் அந்தக் காசு அப்படியே இருக்கிறது. அவளுக்கு லாக்கெட் எதுவும் இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் இந்தச் சாலியின் கதையைச் சொன்னேன். அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிரபு வீட்டு லாக்கெட், வில்லன், ஆறு எதிலும் அவளுக்கு அக்கறை இல்லை.

"வட்டி எவ்வளவுடா?"

அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டப்படி, இரண்டரை ஷில்லிங்குக்கு மாதம் அரைப் பென்னி. கணக்குப் போட்டுச் சொன்னேன். நூற்றுக்கு மாதம் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி.

"பரவாயில்லையே. நாம மூணு வட்டி கட்டினோம்."

கீரைத்தண்டை ஒடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு நாள்தான் பாக்கின்னியே" என்றாள்.

"ஆமா."

"அப்போ அந்த வருஷத்து வட்டிக்கு அவ காசு சேத்து எங்கயாவது முடிஞ்சு வச்சிருப்பாளே. அதை யாரு எடுத்தா?"

திரும்ப வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். டிக்கன்ஸ் அதைச் சொல்லவில்லை.